இரண்டு காலிக் கட்டங்கள்

பிஷ்கெக்கில் ஜனவரி.
நிலக்கரிப் புகை கண்ணாடிக் கதவுவரை வந்து நிற்கிறது,
டோக்கன் எடுக்காமல்.

நாற்பத்தேழு.
லாரிக்காரர். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறார்.
தொருகார்ட் கணவாய் தாண்டிப் போய்
காஷ்கரிலிருந்து குளியலறை ஓடுகள் ஏற்றி வருபவராம்.
போனை மேசையில் வைக்கிறார்.
உச்சியிலிருந்து அடிவரை ஒரு பச்சைக் கோடு.
தானாக வந்தது, என்கிறார்.

எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.
இவரை நம்பினேன்.
திரைக்குப் பின்னால் ஒரு நாடா விட்டுப்போனால் வரும் கோடு அது,
இந்த மாதம் மட்டும் பதினொன்று பார்த்துவிட்டேன்.
வாங்கி ஏழு மாதம்தான். ரசீதின் மடிப்புகூடக் கலையவில்லை.

ஆனால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.
இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினேன்.
கறுப்புத் திரை. கீழ் மூலையில்
பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில்
சிவப்பாக, எறும்பளவு,
ஒன்று.

ரூட் பண்ணியிருக்கிறீர்கள்.

தோர்தோய் சந்தையில், கண்டெய்னர் கடையில், ஒரு பையன்.
முந்நூறு சோம் வாங்கினான். அரை மணி நேரம்.
அதில் இருபது நிமிடம் சம்சா தின்றான்.

எதற்கு?
விளம்பரத்தை ஒழிக்க, விளையாட்டில் காசு அள்ள,
எல்லாக் காரணமும் எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்காக, என்றார்.
மனைவி அனுப்பும் செய்தியெல்லாம்
பல் போன வாயாக வந்ததாம்.
பால் என்ற சொல்லில் நடு எழுத்து இல்லை.
ஏரியில் இல்லை.
எங்கள் மொழியில் வீட்டுக்கு மொத்தமே இரண்டெழுத்து,
அதில் முதலாவது வெறும் கட்டம்.
கணவாயில் வண்டி உறைந்து நிற்கும் இரவுகளில்
அந்தக் கட்டத்தைத்தான் வீடென்று வாசித்தேன், என்றார்.
எழுத்துக்களை வைக்கும் அலமாரி உள்ளே பூட்டிக் கிடக்கிறதாம்.
சாவி கம்பெனியிடம்.
போன் மட்டும்தான் என்னுடையதாம் தங்கச்சி.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
சிப்புக்குள் ஓர் உருகி இருக்கிறது,
மயிரிழை அதன் பக்கத்தில் வடக்கயிறு.
ஒரே முறை எரியும்.
ரூட்டை எடுத்துவிடலாம், பழையபடி மூடிவிடலாம்,
ஒன்று மறுபடி பூஜ்யம் ஆகாது.
விதி ஒன்பது, உட்பிரிவு நான்கு.
ரூட் என்றால் வேர்தானே, என்றார்.
ஆமாம். இந்த வேர் விட்டால் நிழல் கிடையாது.

பச்சைக் கோட்டுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?
ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

மறுப்புக் கடிதம் அச்சாகி வந்தது.
இன்னும் சூடாக இருந்தது, கொடுத்தேன்.
வாசித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

திரு. □ம□ர்பெக் அவர்களுக்கு.

இது யாருக்கு?
உங்களுக்கு.
என் பெயர் ஒமுர்பெக்.
இப்படி ஓர் ஆளை எனக்குத் தெரியாது,
வந்தால் கொடுத்துவிடுங்கள்.
காகிதத்தை என் பக்கம் தள்ளினார், மரியாதையாக.
காவலாளி இருமுவதுபோல் சிரித்தான்.

மறுபடி அச்சடித்தேன். கட்டம்.
மூன்றாவது முறை. கட்டம்.
அவர் கையெழுத்து இல்லாமல் டோக்கன் மூடாது,
கதவோரம் பன்னிரண்டு பேர், மூக்கு சிவந்து.

பேனாவை எடுத்தேன்.
முதல் கட்டத்துக்குள் ஒரு வட்டம், அதன் இடுப்பில் ஒரு கோடு.
இரண்டாவதில் கவட்டை போல் ஒரு கிளை.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன.

இது நான்தான், என்று கையெழுத்துப் போட்டார்.
மறுப்பு மறுப்பாகவே இருந்தது.
பச்சைக் கோடும்.

கையுறை மாட்டிக்கொண்டே கேட்டார்:
கம்பெனிக் காகிதத்தில் கை வைத்துவிட்டாயே,
உன் உத்தரவாதம் என்ன ஆகும்?

கதவு திறந்து புகை கொஞ்சம் உள்ளே வந்தது.
என் பெயரிலும் அந்தக் கவட்டை உண்டு, இரண்டு இடத்தில்.
சட்டையில் குத்தியிருக்கும் பட்டையில்
அதற்குப் பதில் பக்கத்து எழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.
நாலு வருஷமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறேன்.

பேனா இன்னும் மூடாமல் கையில்.

நாற்பத்தெட்டு, என்றேன்.