வாய்க்குள்ளிருந்து பார்த்தவன்

கதைப்படி நான்
சூரியனின் கரும்புள்ளி ஒன்றிலிருந்து
பூமியில் வந்து விழுந்தவன்.
நிஜத்தில் வத்தலக்குண்டு,
டயர் ரீட்ரெடிங் பட்டறை.
ஆறடி மூன்றங்குலம் என்பதால் எடுத்தார்கள்.

என் தோலை நானே ஒட்டினேன்.
பதினேழு லாரி டியூப், நாலு டப்பா சொல்யூஷன்,
முதுகு முள்ளுக்குக் கிழிந்த சைக்கிள் சீட்டுகளின் மூக்கு.
கண் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு பல்பு எரியும்;
பார்ப்பதற்கு எனக்கு வாய்தான்.
இரண்டு பல்லுக்கு நடுவே
கொடைக்கானல் முழுதும்
ஒரு கிழிசல் அகலத்துக்குத் தெரிந்தது.

"அறிவு கிடையாது உனக்கு, பசி மட்டும்தான்"
என்று விளக்கினார் இயக்குநர் கோதண்டம்.
சரி என்றேன்.
பழக்கமான வேடம்.

மன்னவனூர்ப் பாதை, பைன் காடு, ஜனவரி.
புல்லின்மேல் யாரோ கல்லுப்பு கொட்டியதுபோல் உறைபனி.
ரப்பர் விறைத்துப்போய்
முழங்கையை மடக்கினால் துருப்பிடித்த கதவின் சத்தம்.
ஒலிப்பதிவாளர் அதையே என் குரலாக வைத்துக்கொண்டார்.
ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஷாட்டுக்கு வரும் மந்தாகினிக்குப்
பல் கிட்டிக்கும்.
பயம் தத்ரூபம் என்று கை தட்டினார்கள்.
லூர்துசாமி மட்டும்
வால்வுக் குழாயை என் வாயில் செருகி
டீ ஊற்றுவான்.
நாக்குக்கு வருவதற்குள் அது ஐஸ்.

வால் பன்னிரண்டடி.
ஆட்டுவதற்கு இரண்டு பேர்.
ஆட்டாத நேரம்
கம்பியால் ஒரு மரத்தில் கட்டிவைப்பார்கள்.

பதினோராம் நாள்
விஞ்ஞானி என்மேல் கதிர்த் துப்பாக்கியை நீட்டினார்
(பூச்சிமருந்து பம்பு, வெள்ளிப் பெயின்ட்).
நீட்டிய கையோடு
என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தார்.
பம்பு கீழே கிடந்தது, அவரைக் காணோம்.
மந்தாகினி, குடைக்காரர், கோதண்டம்,
வாலின் இரண்டு ஆட்களும்
மூடுபனியில் கரைந்துபோனார்கள்.
நான் ஓடினேன்.
கம்பி என்னைப் பிடித்துத் திருப்பி நிறுத்தியது.

காட்டுமாடு.
நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ்,
பள்ளிக்கூடம் கிளம்பியதுபோல்.
நெற்றி என் மார்புக்கு நேரே.
என்னிடம் இருபத்திரண்டு நகம், இரண்டு பல்பு.
அதனிடம் அவசரமே இல்லை.

முகர்ந்தது.
முதலில் வயிற்றை,
பிறகு நான் இருந்த இடத்தை.
அதன் மூச்சு பற்களைத் தாண்டி உள்ளே வந்து
என் மூக்கைத் தொட்டது:
ஈரப் புல், சாணம், சூடு.
அந்தப் பதினோரு நாளில்
எனக்குக் கிடைத்த ஒரே சூடான பொருள்.
பிறகு தும்மியது. போய்விட்டது.

கேமரா யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
மாடு சட்டத்துக்கு வெளியே.
படத்தில் இருப்பது நான் மட்டும், ஏழு வினாடி,
உறுமாமல், அசையாமல்,
முகத்தின்மேல் எங்கிருந்தோ ஆவி.
பெரியகுளம் தியேட்டரில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.
நான் வந்த இடமெல்லாம் சிரிப்பு,
ஒருவன் "டேய் லாரி டியூப்!" என்றே கத்தினான்.
அந்த ஏழு வினாடிக்கு மட்டும் சத்தமில்லை.
கடலை விற்றவன் அப்போது வந்தானோ என்னவோ.

கடைசி நாள் என்னைக் கொளுத்தினார்கள்,
உள்ளே வைக்கோல் அடைத்து.
தள்ளி நின்று பார்த்தேன்.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்;
எனக்கு அது பட்டறையின் காலை வாசனை.
ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம்
மாடு வரவில்லையாம்,
பேரிக்காய்த் தோட்டக்காரர் சொன்னார்.
என் பாக்கி நாற்பது ரூபாயும்.