கலாந்த்ராவின் காது

கலாந்த்ரா என்றால் வானம்பாடி.
முங்குவதற்கென்றே அடித்த இரும்புக்கு
யார் வைத்த பெயரோ.
மொன்ஃபால்கோனே தளத்தில்
அதன் மூக்கில் உடைத்த மது காய்வதற்குள்
போர் வந்துவிட்டது.

நான் அதன் காது.
கியோஜாக்காரன். மூடுபனியில்
எதிரே வரும் படகு யாருடையது என்று
துடுப்புச் சத்தத்தில் சொல்பவன்.
அதற்காகவே தலையில் ஒலிவாங்கியை மாட்டி
அலமாரி அளவு இடத்தில் உட்கார வைத்தார்கள்.
ஐம்பத்தேழு பேருக்கு ஜன்னலே இல்லை.
எனக்கு மட்டும்
கடல் முழுக்கத் திறந்திருந்தது.

ஜிப்ரால்டரில் இரண்டு கடல்கள் ஓடுகின்றன.
மேலே அட்லாண்டிக் உள்ளே வருகிறது,
அடியில் எங்கள் கடல் வெளியே போகிறது.
இயந்திரத்தை நிறுத்தி, இருமலை விழுங்கி,
அந்தக் கீழோட்டத்தில்
காதும் காதும் வைத்தாற்போல் நழுவினோம்.

போர்தோவில் ஜெர்மானியர்கள்
எங்கள் கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்,
ஒரு குடும்பம் குடியிருக்கலாமாம்.
வெட்டிக் குட்டையாக்கினோம்.
பிறகு நான்கு பயணம். பூசணம் பிடித்த ரொட்டி,
ஈரக் காலுறை, செத்த திமிங்கிலம் ஒன்றுக்கு
இரண்டு டார்பிடோ.
சமையற்காரன் கஸ்பாரே அதைச் சொல்லிச் சொல்லியே
எங்களைச் சாகாமல் வைத்திருந்தான்.

ஐந்தாவதில் கேட்டேன்.
தக், தக், தும்.
தக், தக், தும்.
மூன்றிதழ்ச் சுழலி, ஓர் இதழில் விரிசல்.
நொண்டி நடை. கூட்டத்தைத் தவறவிட்டு
தனியே வந்துகொண்டிருந்தது.
தூரம் சொன்னேன். திசை சொன்னேன்.
நொண்டி என்பதைச் சொல்லவில்லை.
கணக்குக்கு அது வேண்டியிருக்கவில்லை.

எழுபத்தோரு விநாடி.
எல்லோரும் கத்தினார்கள், கட்டிக்கொண்டார்கள்.
என் காதில் தண்ணீர்
ஒவ்வோர் அறையாகக் கதவு தட்டிக்கொண்டு போனது.

தளபதி மேலே வரச் சொன்னார்.
பதினொரு கிரேக்கர்கள், ஒரு படகு.
ரொட்டி கொடுத்தோம், அஸோர்ஸ் எந்தப் பக்கமென்று காட்டினோம்.
கரி பூசிய ஒருவன் நன்றி சொன்னான்,
த்ரியஸ்தே துறைமுகத்துப் பேச்சில்,
ஏறக்குறைய என் வீட்டுப் பேச்சில்.
திட்டியிருக்கலாம்.

திரும்ப அழைத்தார்கள்.
இரண்டு வருடம் லிபியாவுக்கு எண்ணெய் சுமந்தோம்.
போர்க்கப்பல் என்று பெயர், பிழைப்பு கழுதைப் பிழைப்பு.
ஆவியில் தீ பிடிக்குமென்று அடுப்பு அணைந்தே கிடந்தது;
கஸ்பாரே நெத்திலியை எண்ணித் தந்தான்.
மேலே குண்டு வெடிக்கும்போதெல்லாம்
எவாரிஸ்தோ மட்டும் கட்சிப் பாட்டை முணுமுணுப்பான்,
மற்ற எல்லார் வயிற்றிலும் புளி கரையும்.

நாற்பத்து மூன்று, செப்டம்பர்.
சண்டை முடிந்ததென்று வானொலி சொன்னது.
யாரோடு முடிந்தது என்று தெளிவாகச் சொல்லவில்லை.
கறுப்புக் கொடி ஏற்றி மால்டா போ என்று உத்தரவு.
கறுப்புத் துணிக்கு எங்கே போவது?
ஐம்பத்தெட்டுப் பேரும்
ஒருவன் பெட்டியைப் பார்த்தோம்.
எவாரிஸ்தோ தன் கறுப்புச் சட்டையை எடுத்தான்,
பொத்தான்களை நிதானமாக அறுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
கைகளோடுதான் பறந்தது அது.
காற்றில் நிரம்பி, யாரையோ
வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு.

மிச்சப் போர் முழுக்க
நேற்றைய எதிரிகளுக்கு நாங்கள் பாடப் பொருள்.
அட்லாண்டிக்கின் அந்தக் கரையில்
காலையில் முங்குவோம், அவர்கள் தேடுவார்கள்.
குண்டுக்குப் பதில் கையெறி வெடி,
டொக் என்று ஒன்று, கண்டுபிடித்தாயிற்று.
மதியம் மேலே வந்து சாப்பாடு.

ஒரு நாள் அவர்களுடைய காது எங்கள் தளத்துக்கு வந்தது.
பத்தொன்பது வயது, முகமெல்லாம் பரு.
பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினான்.
விரலால் மேசையில் தட்டிக் காட்டினான்:
உங்கள் இடது சுழலி கொஞ்சம் நொண்டுகிறது,
அதை வைத்துத்தான் தினமும் பிடிக்கிறேன்,
வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன்.
அவன் தட்டியது இன்னும் நிற்கவில்லை.