வெள்ளைப் பின்னணி

ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம்.
வடகிழக்கில் அறுபத்தாறு பாகை.
பென் அமேராப் பாறையின் வலத்தோளில்
நிலா முளைக்கும் புள்ளியை
மூன்று மாதம் கணக்கிட்டு
வண்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன்.

அத்தாரில் கடையைப் பூட்டி
'இன்று படம் இல்லை' என்று சாக்கட்டியால் எழுதி
விடியலில் கிளம்பியாயிற்று.
வருடம் முழுக்க வெள்ளைத் துணிக்கு முன்னால்
ஆட்களை உட்காரவைத்து
சிரிக்காதே, தலைத்துணியை எடு, காதைக் காட்டு
என்று சொல்லித் தேய்ந்த வாய்க்கு
ஒரு நாள் விடுப்பு.
பாறை சிரிக்காது.
அதற்குக் காதும் கிடையாது.

தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில்
ரயில் நின்றிருந்தது.

நின்றிருந்தது என்றால்,
இந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்டி
அந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்டி.
இரும்புத்தாது குவித்த இருநூறு பெட்டி.
முன்னால் எங்கோ இணைப்பு கழன்றதாம்.
சுற்றிப் போகலாமா என்றேன்.
'எதைச் சுற்றி?' என்றான் யஹ்தீ
என்ஜினை அணைத்துவிட்டு,
அடுப்புக்குச் சுள்ளி தேடப் போனான்.

நாற்பத்தொன்று வந்தது.
நாற்பத்தொன்று போனது.
பாறை அந்தப் பக்கம், நிலா அந்தப் பக்கம்.
எனக்கு வாய்த்தது
துருவும் ஆணித்தலைகளும்
தாதுக் குவியலின் மேலிருந்து கத்தும்
யாருடையதோ ஆறு ஆடுகளும்.

முக்காலியைப் பார்த்துவிட்டு
பெட்டியிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.
பெயர் யெரோ.
நுவாதிபுவுக்குப் போகிறானாம், மீன்பிடிக் கப்பலுக்கு.
வேலை இருக்கிறது, அட்டை இல்லை.
அட்டைக்குப் படம் வேண்டும்.
'எவ்வளவு?'

நான்கு பிரதி நூறு ஊகியா, ஆனால்
வெள்ளைப் பின்னணி இல்லாமல் செல்லாது என்றேன்
தட்டிக்கழிக்கத்தான்.

அவன் பதில் சொல்லவில்லை.
திரும்பிப் பார்த்தான்.
பெட்டி விளிம்புக்கு மேலே
அது வந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தது ஓட்டம்.
மணல் கணுக்கால் வரை இழுக்க
அறுபது எட்டு பின்னால்,
தலை வட்டத்துக்குள் அடங்கும் தூரம்.
அவன் தாதின் மேல் ஏறி நின்று
தலைத்துணியை அவிழ்த்தான்
அவிழ்த்தான் அவிழ்த்துக்கொண்டேயிருந்தான்,
ஐந்து முழம் இருக்கும்,
காற்று அதை மேற்கே நீட்டிப் பிடித்தது.
'காதைக் காட்டு!'
ஆடுகள் கத்தின.
'இடது பக்கம்! இன்னும்! போதும்!'
நிலா யாருக்காகவும் நிற்கவில்லை,
இரண்டு நிமிடத்தில் தன் அகலம் நகர்ந்துவிடும்.
நான் அதோடு பக்கவாட்டில் நகர்ந்தேன், நண்டு மாதிரி,
மெல்ஹஃபா முள்ளில் சிக்கிக் கிழிய.
ஒன்றைத்தான் கூர்மையாக்க முடியும்
அவனையோ நிலாவையோ.
காசு தருகிறவன் அவன்.

ஏழு முறை அழுத்தியிருப்பேன்.
தொலைவில் ஒரு சங்கிலி அதிர்ந்தது.
அடுத்தது, அதற்கடுத்தது,
பெட்டி பெட்டியாக அந்த இடி எங்களை நோக்கி ஓடிவந்து
அவன் காலடியைக் கடந்து போனது.
தடுமாறி உட்கார்ந்தான்.
ஏதோ கத்தினான். அலுவலகத்தின் பெயராக இருக்கலாம்,
ஊரின் பெயராக இருக்கலாம்.
இரும்புச் சத்தத்தில் பாதிதான் வந்தது.

கடைசிப் பெட்டி போனபின்
பாறை அங்கேயே இருந்தது.
அதன் தோளுக்கு வெகு மேலே
சின்னதாக, வெளுத்து, வழக்கமான நிலா.
யஹ்தீ இரண்டாவது தேநீரை ஊற்றினான்.
முக்காலியை மடக்கினேன்.

திங்கட்கிழமை அச்சிட்டேன்,
முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர், நான்கு பிரதி.
பின்னணி வெள்ளை.
இரண்டு காதும், மடல் வளைவு வரை, தெளிவு.
இடையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில்
நல்ல கறுப்பு.
எந்த அதிகாரியும் வாங்கமாட்டான்.

உறையில் போட்டு
யெரோ, நூறு பாக்கி என்று எழுதினேன்.
சிரிக்காதே என்று சொல்ல
மறந்துவிட்டேன் அன்றைக்கு.
சிரித்தானா என்று
உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறேன்.