விகுதி

கடல் உறைந்து சாலையாகிற மாதத்தில்
எஸ்தோனியாவின் மேற்குக் கரைக்கு அப்பால்
பனி உடைந்து ஒரு வண்டி உள்ளே போனது.
இதுவரை எங்கிருந்து சொன்னாலும் ஒன்றுதான்.

இனி நான் எங்கே நிற்கிறேன் என்பது முக்கியம்.

எந்தெலோடு நிற்கலாம்.
ஒரு கிலோமீட்டர் தள்ளி, பனியில் தான் குடைந்த துளையருகே
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்.
அங்கிருந்து வண்டி ஒரு தீப்பெட்டி.
தீப்பெட்டியிலிருந்து ஒரு புள்ளி வந்தது.
வெகுநேரம் அடுத்த புள்ளி வரவில்லை.
"ஒரு ஆள் குதித்தது. திரும்பிப் பார்க்கவில்லை"
என்று வாக்குமூலம் கொடுத்தார்.

எந்த ஆள்?
அவர்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும்
ஒரே சொல், இரண்டே எழுத்து.
காவல் நிலையத்தில் தட்டச்சு செய்தவனுக்கு
ஒரு சிரமமும் இருக்கவில்லை.
எனக்குத்தான்.
என் வினைச்சொல் வால் இல்லாமல் நகராது.
குதித்தான் என்றால் செத்துப்போன ஹெல்டுர் கோழை.
குதித்தாள் என்றால் விர்வே
அந்தத் தீவின் ஒற்றைக் கடைக்கு
இனி ரொட்டி வாங்கப் போக முடியாது.
குதித்தார் என்று நழுவலாம்,
யாரும் கேட்காத மரியாதையும் கூடவே வரும்.

சரி, வண்டிக்குள் ஏறுகிறேன்.
பனிச்சாலையில் சீட் பெல்ட் போடக் கூடாது, அது விதி.
பின்னால் மகள் வீட்டு சவுனாவுக்கு இரும்பு அடுப்பு,
அதன் கற்கள் மூன்று சாக்கு.
பாதையோரம் நட்ட ஜூனிப்பர் கிளைகளை
விர்வே எண்ணிக்கொண்டு வருகிறாள்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
உள்ளேயிருந்து பார்த்தால் விபத்து என்று ஒன்று இல்லை.
போர்வை கிழிகிற சத்தம்.
முழங்காலில் குளிர்.
தோளில் ஒரு கை.
தள்ளிய கையா, பற்றிய கையா?
மதியம் கேட்டபோது ஒன்று சொன்னாள்,
சாயங்காலம் மற்றொன்று.
இரண்டின்போதும் பொய் சொல்லவில்லை.

ஹெல்டுரின் கண் வழியாகவும் எழுதிப் பார்த்தேன்.
தண்ணீருக்கடியில் பச்சை வெளிச்சம், மிதக்கும் ஒரு கையுறை,
இப்படி எட்டு வரி.
அடித்துவிட்டேன்.
தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் அந்தக் குரல்
அருவருப்பாக இருந்தது.
நன்றாகவும் இருந்தது, அதனால்தான் அடித்தேன்.

மிச்சம் மைமு.
கரையில், தடுப்புக் கம்பத்தருகே தகரக் குடிலில்
வண்டிகளின் எண்ணைக் குறித்து உள்ளே விடுகிறவள்.
அவளுடைய பேரேட்டில் யாருமே இல்லை:
மணி 4.40. பயணிகள் இருவர்.
சுமை பற்றி விசாரிக்கப்பட்டது.
எடை பார்க்கப்படவில்லை.
தடுப்பு திறக்கப்பட்டது.

பட்டது, பட்டது.
யார் பட்டது?

அன்று அவளுக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.
ஹீட்டரை அணைத்துவிட்டாள்.
பின்பக்க டயர்கள் அமுங்கியிருந்ததைப் பார்த்தாளா?
படர்க்கையில் கேட்டால்
தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.
விசாரணைக்கு வந்தவர்களும்
குறை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி
சமையலறை மேசையில் மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு
அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்
வேறு மாதிரி எழுதிப் பார்த்தாள்.
ஒரே சொல்.
அவள் பேனா போன வழியே என் பேனாவும் போனது:

திறந்தேன்.

வாலைப் பிரித்துப் படித்தால்
என் மொழியில் அது ஒரு கேள்வி.
அவள் மொழியில் இல்லை.
ஆனாலும் வெகுநேரம்
பதில் எழுத இடம் விட்டவள்போல
ரசீதின் வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு அதே ரசீதில்
மறுநாள் வாங்க வேண்டியதைக் குறித்தாள்:
பால், பேட்டரி, பூனைக்கு மத்தி மீன்.

ஏப்ரலில் கடல் திறந்தது.
அதற்கு ஆள் வேண்டியிருக்கவில்லை.