இருபத்தைந்து டாலருக்குள்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
தேவாலயத்துக்கு அடியில் உள்ள கூடத்தில்
மடக்கு மேசைகள், காபிக் கெண்டி,
ஈரக் காலணிகளின் வாடை.

வார நாட்களில் நான் பெட்ரோல் பம்புகளை அளப்பவன்.
கேலனுக்கு ஒரு கரண்டி குறைந்தாலும்
சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு நடையைக் கட்டுவேன்.
சனிக்கிழமைகளில் அளப்பது
என் மனைவி பொம்மை என்று சொல்லும் இவற்றை.
தராசு அதேதான். சீட்டும் அதேதான்.

டெல்மர் வாஸ் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தான்.
பதினாறு எஞ்சின்கள்.
எதுவும் இருபத்தைந்து டாலரைத் தாண்டாது.
"எல்லாம் ஓடும்" என்றான்.

ஓடும்.
முழு மின்சாரம் கொடுத்தால் செங்கல்லும் ஓடும்.
ஊரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

குமிழை மயிரிழை திருப்புகிறேன்.
கன்னத்தை மேசையில் வைத்து
சக்கரம் ஒவ்வொரு கட்டையாகத் தாண்டுகிறதா என்று பார்க்கிறேன்.
முதலாவது அசையவே இல்லை, அசையவே இல்லை,
பிறகு முயல்போல் பாய்ந்து விளிம்பில் நின்றது.
இரண்டாவது, காலித் தீப்பெட்டிக் கனம்;
நாலு பெட்டி மாட்டியதும்
சக்கரம் சுழல்கிறது, வண்டி இருந்த இடத்தில் இருக்கிறது.
ஐந்தாவதற்கு மின்சாரம் முன்சக்கரங்களில் மட்டும்.
தடம் பிரியும் இடத்தில்
விரலகலப் பிளாஸ்டிக் வந்ததும் மூச்சு நின்றுவிடும்.
தட்டிக்கொடுத்தால் நகரும்.
என் அலுவலகத்திலும் இப்படி இருவர் உண்டு.

ஏழாவதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.
கைப்பிடிக் கம்பி ஒவ்வொன்றும், அளவுக்கு அளவு பார்த்தால்,
ஓட்டுநரின் தொடைத் தடிமன்.
ரயில்வேயின் பெயரில் ஒரு எழுத்து குப்புற விழுந்திருக்கிறது.
ஆனால் ஊர்ந்தது,
குளிர்காலத்துத் தேன் கரண்டியை விட்டு இறங்குவதுபோல.
பச்சைச் சீட்டு.
வேறு எதற்கும் அன்று பச்சை கிடைக்கவில்லை.

பன்னிரண்டாவது:
டிக்.
          டிக்.
                    டிக்.
சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நொண்டல்.
அச்சில் உள்ள பல்சக்கரம் மயிர்க்கோடாக வெடித்திருக்கிறது.
போதாததற்கு மோட்டார் வேறு காபிக்கொட்டை அரைக்கிறது.
சிவப்பு. எழுதியும் வைத்தேன்:
சத்தம். பழுது. உதிரிபாகங்களுக்கு மட்டும்.

அப்போதுதான் மார்லிஸ் ஹவுடலா
பனிக்கோட்டைக் கழற்றாமலே வந்து நின்றாள்.
தேன் எஞ்சினை ஓட்டிக் காட்டினேன், பெருமையாகத்தான்.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"இது எங்கே போகிறதென்றே கேட்கவில்லையே."

ரெய்னோவுக்கு, இலையுதிர் காலத்திலிருந்து,
பார்ப்பதன் நடுவில் ஒரு ஓட்டை என்றாள்.
ஓரங்கள் மட்டும் தெரிகின்றன.
தடம் வீட்டில் அப்படியேதான் இருக்கிறது.
அவர் கை இன்னும் குமிழ்மேல்.
வண்டி எங்கே என்று புரியாமல்
இரண்டு எஞ்சின்கள் தரையில் விழுந்து உடைந்தாயிற்று.
"வாய் ஓயாத ஒன்று வேண்டும்."

பன்னிரண்டைத் திரும்ப வைத்தேன்.
டிக். அவள் விரல் மடங்கியது.
டிக். வளைவு. டிக். என் அட்டைப் பாலத்தின்மேல்
அதே சத்தம் கொஞ்சம் குழிந்து வந்தது.
"பாலம்" என்றாள், கண் திறக்காமல்.

"அதிக நாள் தாங்காது" என்றேன்.
"நாலு டாலருக்குப் பல்சக்கரம் கிடைக்கும், ஒரு மாலை வேலை."
"மாற்றினால் சத்தம் போய்விடுமா?"
"போய்விடும்."
"அப்படியென்றால் கை வைக்காதீர்கள்."

டெல்மருக்குக் காது நீளம்.
எட்டு டாலர் பன்னிரண்டு ஆனது.

சீட்டை உரிக்கப் பார்த்தேன். அரசாங்கப் பசை.
நகத்தோடு வந்தது எஞ்சினின் நீலப் பெயிண்ட்தான்,
மலிவுப் பெயிண்ட்.
மார்லிஸ் அதை என் கையிலிருந்து வாங்கிக்
கையுறைக்குள் வைத்துக்கொண்டாள்.
"இருக்கட்டும். சிவப்பு அவருக்குத் தெரியவா போகிறது?"
அவளேதான் முதலில் சிரித்தாள்.

இன்னும் நாலு எஞ்சின்கள் பாக்கி.