லிஃப்ட் ஆய்வாளருக்கு ஓர் அறை

விவாகரத்துத் தாளில்
கென்ட்டின் பெயரும் என் பெயரும்தான் இருந்தன.
மாமனாரை யாரும் ரத்து செய்யவில்லை.

அதனால்தான் மார்ச் கடைசியில்
ஏரிப் பனி இன்னும் முழுசாக உடையாத துலூத் நகரில்
ஓர்வில் ஹாக்லண்டைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் மாட்டிவிட்டு
இடம் பார்க்கக் கிளம்பினேன்.
பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி
டை கட்டியிருந்தார்.

கென்ட் ஃபீனிக்ஸிலிருந்து
ஓர் அட்டவணை அனுப்பியிருந்தான்.
மாதக் கட்டணம். இரவுச் செவிலியர் எத்தனை பேர்.
சாப்பாட்டுக்கு எத்தனை நட்சத்திரம்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு, அப்பாவின் கருத்து.
அது காலி.

நாற்பத்தொரு வருடம் லிஃப்ட் ஆய்வாளர்.
மருத்துவமனை, நீதிமன்றம், இரண்டு ஹோட்டல்.
அவர் கையெழுத்தில்லாமல்
இந்த ஊரில் யாரும் மேலே போனதில்லை,
ஒரு விதத்தில் போவதைத் தவிர.
இப்போது அடுப்பை அணைக்க மறந்துபோகிறார்.
இரண்டு முறை.
இரண்டாவது முறை திரைச்சீலை.

முதல் இடத்தில் வரவேற்பறைக்குள்ளேயே அருவி.
லாவெண்டர் வாசனை, அதற்குக் கீழே
இன்னொரு வாசனை.
வழிகாட்டிய பெண் அவரைப் பற்றி
என்னிடம் கேட்டாள்:
அப்பா தானாகக் குளிப்பாரா?
அப்பா அப்போது லிஃப்டுக்குள் நின்று
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சட்டத்திலிருந்த சான்றிதழைப் படித்துக்கொண்டிருந்தார்.
“நவம்பரோடு காலாவதி” என்றார்.
அருவி அத்தோடு முடிந்தது.

இரண்டாவதில் லிஃப்டே இல்லை.
ஒரே தளம், நீண்ட நடைவழி, எண் ஒட்டிய கதவுகள்.
சூப் நன்றாக இருந்தது. ஆட்கள் நல்லவர்கள்.
என் அட்டவணையில் எல்லாக் கட்டமும் பச்சை.
அவர் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.
“இங்கிருந்து எங்கேயும் போக முடியாது போல.”

கழிவறை வாசலில்
அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
பைக்குள் ஏதோ கனத்தது.
அடுப்பின் குமிழ்கள், நான்கும்.
நான் கழற்றி
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவை.
எப்போது கண்டுபிடித்தார்?
எத்தனை நாளாய்ச் சுமக்கிறார்?
போட்டுவிட்டு, பித்தானைப் பூட்டினேன்.

மூன்றாவது, மேட்டில் ஒரு செங்கல் கட்டடம்.
முன்பு கன்னியர் பள்ளி. மாதம் முந்நூறு டாலர் அதிகம்.
இரண்டாம் மாடியில் லிஃப்ட்
தரைக்கு அரை அங்குலம் கீழே நின்றது.
நடைவண்டியோடு வந்த ஒரு கிழவி
சக்கரம் தட்டியதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
பழக்கப்பட்ட, அலுத்துப்போன ஒன்று.
அவர் முட்டி போட்டார்.
ஆறு மாதமாக எனக்குத் தெரிந்து
அவர் முட்டி மடங்கியதில்லை.
இடுக்கில் கட்டைவிரலை வைத்து அளந்து
“எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்டார்.
அவளிடம். மேலாளரிடம் அல்ல.

இடம் பிடித்திருந்ததா,
களைத்துப்போயிருந்தாரா,
எனக்கு இன்றுவரை தெரியாது.
நாற்காலியில் அமர்ந்து “இது போதும்” என்றார்.
கடைசிக் கட்டத்தில் அதையே நிரப்பினேன்.

படிவத்தில் ‘உறவுமுறை’ என்றொரு கோடு.
முன்னாள் மருமகள் என்று எழுத
இடம் போதவில்லை.
முன்னாளை விட்டுவிட்டேன்.

அவர் வீட்டுக்குத் தூக்குப்பாலம் தாண்டிப் போக வேண்டும்.
பருவத்தின் முதல் கப்பலுக்காகப்
பாலம் மேலே போய்க்கொண்டிருந்தது.
முணுமுணுத்து நொடிகளை எண்ணினார்.
கப்பல் கடந்தது, பாலம் இறங்கத் தொடங்கியது,
எண்ணிக்கையை நிறுத்தாமலே
கோட்டுப் பையில் கை விட்டு
குமிழ்களை ஒவ்வொன்றாக எடுத்து
என் மடியில் வைத்தார்.

மூன்று.

நான் நான்காவதைக் கேட்கவில்லை.
பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது.