எண்பது மீட்டர் காற்று

இந்த ஊரில் கட்டடம் எழும் முன்
அதன் எலும்புக்கூடு எழ வேண்டும்.
மூலைக்கொரு கம்பம்,
உச்சியில் கூரை வாட்டத்தைக் காட்ட ஒரு மரச்சட்டம்,
நடுவில் காற்று.
ஆட்சேபம் உள்ளவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.
நான் கம்பம் நடுகிறவன். ஜூரிக்கில் பத்தொன்பது வருடம்.
கட்டப்படாத வீடுகளை
என்னைவிட அதிகம் கட்டியவன் இங்கே இல்லை.

ஆல்ட்ஷ்டெட்டனில், தண்டவாளங்களுக்குப் பின்னால்,
நாற்பது மீட்டர் போதும் என்றது ஒரு தரப்பு.
எண்பது கேட்டது இன்னொன்று.
நாற்பதுக்குக் கம்பம் நட்டோம்.
எண்பதுக்கு எங்களிடம் இரும்பில்லை;
சிவப்பு பலூன் ஒன்றைக் கயிற்றில் விட்டோம்.
காலையில் எண்பது.
மதியம் காற்றடித்துச் சாய்ந்து அறுபத்தேழு.
பலூன் பொய் சொல்கிறது என்று
இரு தரப்பும் புகார் எழுதினார்கள்.

கூட்டம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே.
ரெகுலா ஓக்ஸ்னர் இரண்டு விரல்களை உயர்த்தி
நடுவே ஓர் அங்குலம் காட்டினார்:
"என் சமையலறையிலிருந்து ஏரி இவ்வளவுதான் தெரியும்.
இந்த இவ்வளவை எடுக்கிறீர்கள்."
யாரும் சிரிக்கவில்லை.
தோட்டச் சங்கத்து க்யோபி
வரைபடத்தில் நிழலை நகத்தால் கீறினார்.
நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்;
இங்கே நவம்பரில்
வெயிலின் அருமைதான் நிழலில் தெரியும்.

பிறகு யெஹோனா எழுந்தாள்.
மருத்துவமனைச் சீருடை, மேலே பெரிய கோட்டு.
"என் வேலை இந்த ஊரில். என் கட்டில் ஒன்றரை மணி தூரத்தில்.
உங்கள் ஏரி ரயில் சன்னலில் தினம் இரண்டு முறை வருகிறது.
ஒரு முறையும் நான் விழித்திருந்து பார்த்ததில்லை."

கைதட்டல் பாதியில் நின்றது,
பின்வரிசையில் ஒருவர் கேட்டதால்:
"எழுபதாவது மீட்டரில் வீடு வந்தால்
வாடகை எத்தனையாவது மீட்டரில் இருக்கும்?"
மேடையிலிருந்தவர் கோப்பைப் புரட்டினார்.
நெடுநேரம் புரட்டினார்.

வானை அளாவ வேண்டும் என்கிறவர்கள்,
வானை அளந்து வைக்க வேண்டும் என்கிறவர்கள்.
ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம்,
அதற்கு மூன்று மணி நேரம்.
என்னைக் கேட்டார்கள், தொழில்முறையில்.
கயிற்றின் நீளம் சரி என்றேன்.
வேறென்ன சொல்ல?
எனக்கும் ஒரு வாக்கு உண்டு,
உறைக்குள் இன்னும் வெறுமையாக.

கம்பத்தின் உச்சிவரை ஏறுகிறவன் பெசிம்.
இங்கே வந்து பன்னிரண்டு வருடம், வாக்கு இல்லை.
நாற்பதாவது மீட்டரை உடம்பால் அறிந்தவன் அவன் ஒருவன்தான்;
அவனை யாரும் கேட்கவில்லை.
இறங்கியதும் நான் கேட்டேன், ஏரி தெரிந்ததா என்று.
"ஆணி பார்த்தேன்" என்றான்.
சற்றுக் கழித்து,
"ஒரு மொட்டைமாடியில் யாரோ
படுக்கை விரிப்பு காயப்போட மறந்து மழையில் விட்டிருக்கிறார்கள்."

மறுநாள் மூடுபனி.
ஏரி போயிற்று, மலை போயிற்று,
ரெகுலாவின் அங்குலம் போயிற்று.
கம்பங்கள் பாதியோடு நின்றன.
கயிறு மட்டும் வெள்ளைக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தேன்.
இழுத்தது,
தூண்டிலில் மீன் இழுப்பது போல் அல்ல,
எங்கோ போக வேண்டியவர் கையை விடுவித்துக்கொள்வது போல்.

மூன்றாவது நடைமேடையில் ஒரு ரயில் வந்து நின்றது.
இறங்கியவர்களில் யெஹோனா இருந்தாளா தெரியாது;
எல்லோரும் தலைகுனிந்தே நடந்தார்கள்.

அன்றைய பதிவேட்டில் இப்படி எழுதினேன்:
கயிறு இறுக்கம், சரி.
முடிச்சு, சரி.
உயரம், இன்று தெரியவில்லை.